கெட்டி லேப்டாப்புக்கும் வயதாகும்

நாமக்கல்லில் சேலம் சாலையை ஒட்டிய டீக்கடை அது. எதிர்வரிசை முழுக்க லாரிப் பட்டறைகள். காலை பதினொரு மணிக்கு மேல் அங்கே ஒரு மேசை காலியாகக் கிடைக்கும். அந்த மேசையில் அன்றைக்கு இரண்டு லேப்டாப்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். ஒன்று என்னுடையது, பானசோனிக் டஃப்புக் 55. இன்னொன்று, லாரி எலக்ட்ரீஷியன் தம்பி ஒருவர் வியாபாரியிடமிருந்து ஒரு நாள் பார்த்துவிட்டுத் தருவதாகச் சொல்லி வாங்கி வந்த டஃப்புக் சிஎஃப்-53.

"அண்ணா, ரெண்டுமே ரக்டு லேப்டாப்தானுங்க. பழசு நாலுல ஒரு பங்கு விலைக்கு வருது. நம்ம பட்டறைக்கு இது போதாதுங்களா?" என்றார்.

நியாயமான கேள்வி. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 புகை விதி வந்த பிறகு லாரியின் கோளாறைக் காதால் கேட்டுக் கண்டுபிடிக்கும் காலம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. யூரியா டேங்க் சென்சார், புகைக்குழாய் வடிகட்டி, இன்ஜினை ஆளும் ஈசியூ கணினி என்று எல்லாமே எரர் கோடு காட்டிப் பேசுகின்றன. அதைப் படிக்க லேப்டாப் வேண்டும். அந்த லேப்டாப் பம்பர் மேலும், வீல் டிஸ்க் மேலும், டூல்ஸ் டிரே மேலும்தான் உட்காரும். கிரீஸ் கை படும், தூசி படும், ஒரு நாள் கண்டிப்பாகக் கீழே விழும். சாதாரண லேப்டாப் அங்கே ஓர் ஆண்டு தாங்கினால் பெரிது. ஆகவே செமி ரக்டு வகை அவருக்குத் தேவை என்பதில் சந்தேகமே இல்லை. பழையதா, புதியதா என்பதுதான் கேள்வி. அதற்குப் பதில் சொல்ல இரண்டு டீ ஆனது. அங்கே பேசியதைத்தான் இங்கே வரிசைப்படுத்தி எழுதுகிறேன். பட்டறைக்காரருக்கு மட்டுமல்ல, சர்வேயருக்கும் டவர் ஏறுபவருக்கும் குவாரியில் எடை போடுபவருக்கும் இதே கேள்விதான் வரும்.

முதலில் 'ரக்டு' என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று பார்த்துவிடுவோம். இந்த வகை லேப்டாப் விளம்பரங்களில் தவறாமல் வரும் பெயர் மில்-எஸ்டிடி-810. அமெரிக்க ராணுவத்துக்கான சோதனை முறைகளின் தொகுப்பு அது. முதல் பதிப்பு 1962-இல் வந்தது. சிஎஃப்-53 காலத்தில் நடைமுறையில் இருந்தது 'ஜி' பதிப்பு. 2019 ஜனவரியில் வெளியான 'எச்' பதிப்பின் பெயர்தான் புதிய லேப்டாப்களின் மேல் இருக்கிறது. ஒன்றைக் கவனிக்க வேண்டும். ராணுவம் எந்த லேப்டாப்பையும் சோதித்துச் சான்றிதழ் கொடுப்பதில்லை. தொகுப்பில் பல சோதனைகள் இருக்கின்றன. அவற்றில் எதை, எந்த அளவுக்குச் செய்வது என்று தயாரிப்பாளரே தேர்ந்தெடுத்து, தானாகவோ வெளி ஆய்வகம் மூலமாகவோ செய்துகொள்கிறார். ஆகவே '810 பாஸ்' என்ற சொல் மட்டும் ஒன்றும் சொல்லாது. எத்தனை அடி உயரம், எந்த நிலை என்று கேட்க வேண்டும்.

விழும் சோதனையை விளக்க, கடைக்காரரிடம் ஒரு தீப்பெட்டி வாங்கினேன். "இதுக்கு எத்தனை பக்கம்?" என்றேன். ஆறு. "எத்தனை விளிம்பு?" விரல் வைத்து எண்ணினார், பன்னிரண்டு. "மூலை?" எட்டு. கூட்டினால் 26. அந்தச் சோதனையில் பொருளை 26 முறை போட வேண்டும் என்பதன் கணக்கு இதுதான். ஒவ்வொரு பக்கமும், ஒவ்வொரு விளிம்பும், ஒவ்வொரு மூலையும் ஒரு முறை தரையைத் தொட வேண்டும். தரை என்பது கான்கிரீட்டின் மேல் போட்ட இரண்டு அங்குலக் கனமுள்ள ஒட்டுப்பலகை. இன்னொன்றும் சொன்னேன். இந்த 26 வீழ்ச்சியையும் ஒரே பெட்டி தாங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒரே மாதிரியான ஐந்து பெட்டிகள் வரை பகிர்ந்துகொள்ள விதி இடம் கொடுக்கிறது. தம்பி தீப்பெட்டியைக் கையில் உருட்டிக்கொண்டே, "அப்படின்னா ஒரு பெட்டிக்கு அஞ்சாறு அடிதானுங்களா?" என்றார். அப்படியும் இருக்கலாம். ஆகவே சோதனையில் தேறிய லேப்டாப் என்றால் தினமும் விழலாம் என்று பொருளில்லை. கைதவறி எப்போதாவது ஒரு முறை விழுந்தால் எழுந்து வேலை செய்யும் என்று பொருள்.

இனி 'செமி' எங்கே வருகிறது? உயரத்தில் வருகிறது. முழு ரக்டு வகைக்கு எடுத்துக்காட்டு பானசோனிக்கின் சிஎஃப்-31. 2010-இல் வந்தது. ஆறடி உயரத்திலிருந்து விழுவதற்குச் சோதிக்கப்பட்டது. தூசிக்கும் நீருக்கும் ஐபி65 தரம். எடை 3.7 கிலோ அளவு. செமி ரக்டு என்பது அதில் பாதி உயரம், ஏறக்குறைய மேசை உயரம். சிஎஃப்-53-க்கு 30 அங்குலம், அதாவது 76 சென்டிமீட்டர். அடுத்து வந்த சிஎஃப்-54-க்கும் அதன் பின் வந்த டஃப்புக் 55-க்கும் மூன்றடி, அதாவது 91 சென்டிமீட்டர். பழையதற்கும் புதியதற்கும் வித்தியாசம் ஒரு சாண் கூட இல்லை. தம்பி நினைத்தது இந்த இடத்தில் சரிதான். விழுவதைத் தாங்கும் விஷயத்தில் பழைய பெட்டி புதியதற்கு வெகுவாகத் தாழ்ந்ததல்ல. இரண்டின் கூடும் மெக்னீசியம் கலவை உலோகம்தான். அந்த உலோகம் அவ்வளவு சீக்கிரம் தளராது.

அப்படியானால் எது தளர்கிறது? அதைக் காட்டுவதற்காகவே இரண்டையும் ஒரே மேசையில் வைக்கச் சொன்னேன்.

சிஎஃப்-53-இன் பக்கவாட்டில் யுஎஸ்பி துளைகளை மூடும் சின்னக் கதவு இருக்கிறது. அதைத் திறந்து, உள்ளே ஓரத்தில் ஓடும் ரப்பர் விளிம்பை ஆள்காட்டி விரலால் அழுத்தச் சொன்னேன். அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் நகத்தின் தடம் அப்படியே நின்றது. ஒரு மூலையில் ரப்பர் விட்டுப்போய் நூல் போலத் தொங்கியது. பிறகு என்னுடையதில் அதே இடத்தை அழுத்தச் சொன்னேன். தடம் உடனே எழும்பி மறைந்தது. பத்து ஆண்டுக்கு மேல் வெயிலும் எண்ணெய்ப் பசையும் பட்ட ரப்பருக்கும், மூன்று ஆண்டு ரப்பருக்கும் உள்ள வித்தியாசம் விரல் நுனியிலேயே தெரிந்தது. சோதனைக்கூடத்தில் நின்ற பெட்டி புதுப் பெட்டி. அதன் ரப்பர் அன்றைக்குப் புதிது. பெட்டியின் மேல் ஒட்டிய தரமும் அன்றைய நாளுக்கு உரியது. செகண்ட்ஸில் வாங்குகிறவர் அந்தத் தரத்தை வாங்குவதில்லை, அதில் மிச்சம் இருப்பதைத்தான் வாங்குகிறார்.

ஐபி எண்ணையும் இந்த இடத்தில் விளக்கிவிட வேண்டும். அதில் இரண்டு இலக்கங்கள். முதல் இலக்கம் தூசிக்கு, இரண்டாவது நீருக்கு. டஃப்புக் 55-க்கு ஐபி53. தூசிக்கு 5 என்றால், கொஞ்சம் நுழையலாம், ஆனால் இயக்கத்தைக் கெடுக்கும் அளவுக்கு நுழையாது. 6 என்றால்தான் அறவே நுழையாது. நீருக்கு 3 என்றால், நேர் மேலிருந்து 60 பாகை வரை சாய்ந்து தெளிக்கும் நீரைத் தாங்கும், சாரல் மழை மாதிரி. குழாய் வைத்துப் பீய்ச்சும் நீருக்கு 5 வேண்டும். சர்வீஸ் ஸ்டேஷனில் லாரி கழுவும் இடத்தில் ஐபி53 பெட்டியை வைத்துவிட்டு நம்பிக்கையோடு திரும்பக் கூடாது.

இதில் பட்டறைக்காரர் கட்டாயம் நினைவில் வைக்க வேண்டியது ஒன்று உண்டு. பொதுவாக இந்தத் தரம் கதவுகள் மூடியிருக்கும்போதுதான். ஆனால் வேலை நடக்கும் நேரத்தில் யுஎஸ்பி கேபிள் சொருகியிருக்கும், கதவு திறந்திருக்கும். தூசி அதிகம் பறக்கும் நேரமும் அதுதான். ஆகவே மூடிவைத்து எடுத்துப்போகும்போது பெட்டி கெட்டி, திறந்துவைத்து வேலை செய்யும்போது கொஞ்சம் கெட்டி என்று கணக்கு வைத்துக்கொள்வது நல்லது.

டீ வந்தது. தம்பி டம்ளரை லேப்டாப்பை விட்டு ஒரு முழம் தள்ளி வைத்தார். அது நல்ல பழக்கம்தான். ஆனாலும் கீபோர்டு விஷயத்தில் இந்த வரிசை ஆரம்பத்திலிருந்தே கெட்டிக்காரத்தனமாகச் செய்யப்பட்டது. ஆறு அவுன்ஸ், அதாவது சுமார் 177 மில்லி திரவம் கொட்டினாலும் கீழே இருக்கும் போர்டுக்குப் போகாதபடி இரண்டு மாடலிலும் தடுப்பு இருக்கிறது. நம் டீக்கடை டம்ளர் அந்த அளவுக்குள் அடங்கிவிடும். ஆனால் சர்க்கரை போட்ட டீ கொட்டினால் போர்டு பிழைத்தாலும் கீகள் ஒட்டிக்கொள்ளும். பழையதில் கீபோர்டை மாற்ற யாராவது கழற்றத் தெரிந்தவரிடம் போக வேண்டும். புதியதில் லேப்டாப் வைத்திருப்பவரே கீபோர்டைக் கழற்றி மாற்றலாம்.

இந்த ஒரு வரியில்தான் இரண்டு தலைமுறைக்கும் உள்ள முதல் பெரிய வித்தியாசம் இருக்கிறது. 2011-இல் வந்த சிஎஃப்-53 எல்லாவற்றையும் உள்ளே வைத்துக் கட்டிய வீடு மாதிரி. டிவிடி டிரைவ், விஜிஏ, ஒன்பது முள் சீரியல் துளை எல்லாம் சுவரோடு சேர்த்துக் கட்டியவை. வேண்டுமோ வேண்டாமோ, சுமந்துகொண்டே போக வேண்டும். எடை 2.6 கிலோ அளவு. 2015-இல் வந்த சிஎஃப்-54 மெலிந்தது, இரண்டு கிலோ பக்கம் இறங்கியது. 2019-இல் வந்த டஃப்புக் 55 அதோடு இன்னொரு யோசனையைக் கொண்டுவந்தது. பக்கத்திலும் பின்னாலும் இடம் விட்டு, அந்த இடத்தில் தேவையான பாகத்தைச் சொருகிக்கொள்ள வைத்தது. டிவிடி வேண்டுமானால் டிவிடி, இரண்டாவது பேட்டரி வேண்டுமானால் பேட்டரி, கைரேகை பார்க்கும் கருவி, பின்பக்கத்தில் சீரியல் துளை என்று மாற்றிக்கொள்ளலாம். எடை 2.1 கிலோவிலிருந்து தொடங்கி, சொருகும் பாகத்துக்கு ஏற்பக் கூடும். கோளாறு வந்த பாகத்தை மட்டும் மாற்றிவிட்டு அன்றைக்கே வேலைக்குத் திரும்பலாம் என்பதுதான் இதன் பலன். மெக்கானிக்குக்கு இதை நீட்டி விளக்கத் தேவையில்லை. இன்ஜினை இறக்காமலேயே ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்ற முடிவதன் அருமை அவருக்குத் தெரியும்.

இரண்டாவது வித்தியாசத்தைப் பார்க்க இரண்டையும் எடுத்துக்கொண்டு வெயிலுக்குப் போனோம். கடைக்கு வெளியே நின்றிருந்த டாரஸ் லாரியின் பம்பர் மேல் வைத்தோம். சிஎஃப்-53-இன் திரையில் நாங்கள் எங்கள் முகத்தைத்தான் பார்த்தோம். கையால் நிழல் கட்டினால் எழுத்து மங்கலாகத் தெரிந்தது. டஃப்புக் 55-இல் எழுத்தைப் படிக்க முடிந்தது. திரையின் வெளிச்சத்தை நிட் என்ற அளவில் சொல்வார்கள். சாதாரண லேப்டாப் 250 அல்லது 300 நிட். என்னுடையது 1000 நிட். வெயிலில் வேலை செய்ய இந்த அளவு வேண்டும். எதிரொளிப்பைக் குறைக்கும் பூச்சும் கூடவே வேண்டும். ஆனால் இதிலும் எச்சரிக்கை உண்டு. டஃப்புக் 55 என்று பெயர் இருந்தாலே 1000 நிட் கிடையாது. குறைந்த வெளிச்சமுள்ள சாதாரணத் திரையோடும் அதே பெயரில் விற்கிறார்கள். தொடுதிரையுள்ள முழு எச்டி வகைதான் 1000 நிட். வாங்குகிறவர் கடைக்குள் டியூப்லைட் கீழே பார்த்துவிட்டு வரக் கூடாது, தெருவுக்கு எடுத்து வந்து பார்க்க வேண்டும்.

மூன்றாவது, மின்சாரமும் சொருகும் துளைகளும். இதைச் சொல்லும்போது எனக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குவாரியில் ஜெனரேட்டர் கண்ட்ரோலருக்குப் புது மென்பொருள் ஏற்றிக்கொண்டிருந்தேன். கையில் இருந்தது செகண்ட்ஸில் வாங்கிய ஒரு கெட்டி லேப்டாப். யுஎஸ்பி கதவு எப்போதோ உடைந்து போயிருந்தது. அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஜல்லித் தூசி துளைக்குள் படிந்து படிந்து சொருகி தளர்ந்திருந்தது. பாதி ஏறிக்கொண்டிருக்கும்போது யாரோ கேபிளைத் தாண்டிப் போனார்கள். தொடர்பு அறுந்தது. கண்ட்ரோலர் பாதி பழைய மென்பொருளும் பாதி புதியதுமாக நின்றுவிட்டது. அதை மீட்டு எழுப்ப இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளும் கிரஷர் ஓடவில்லை. லேப்டாப்புக்கு ஒரு கீறல் கூட விழவில்லை. ஒரு கதவு போனதைக் கவனிக்காமல் விட்டது என் தவறு.

லாரி ஈசியூவும் அப்படித்தான். கோடு படிப்பது வேறு, மென்பொருள் ஏற்றுவது வேறு. ஏற்றும்போது நடுவில் பேட்டரி சாய்ந்தாலோ சொருகி ஆடினாலோ ஈசியூவே முடங்கிவிடலாம். ஆகவே பட்டறை லேப்டாப்பில் முதலில் பார்க்க வேண்டியவை பேட்டரியும் துளைகளும். லித்தியம் பேட்டரி பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் காலத்தால் தேயும். பத்து ஆண்டுப் பேட்டரி முழு சார்ஜ் என்று காட்டிவிட்டுத் திடீரென்று அணையக்கூடும். புதியதில் நிறுவனக் கணக்குப்படி ஒரு பேட்டரிக்கு 20 மணி நேரம், இரண்டாவது பேட்டரியும் சேர்த்தால் 40 மணி நேரம். 1000 நிட்டை முழுதாக எரியவிட்டால் இதில் பாதி கிடைத்தாலே நல்லது. அப்படிப் பார்த்தாலும் ஒரு நாள் வேலைக்குப் போதும்.

உள்ளே இருக்கும் செயலியும் இதில் சேரும். சிஎஃப்-53-இன் முதல் வரவில் ஐ5-2520எம். இரண்டு கோர், 35 வாட். டஃப்புக் 55-இன் முதல் வரவில் ஐ5-8365யூ. நான்கு கோர், 15 வாட். பாதிக்கும் குறைவான சூட்டில் இரண்டு மடங்கு ஆட்கள் வேலை செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். சூடு குறைந்தால் ஃபேன் குறைவாகச் சுற்றும், குறைவாகச் சுற்றினால் குறைவாகத் தூசி இழுக்கும். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே வேலை செய்யும் பட்டறைக்கு இது சின்ன விஷயமல்ல.

இவ்வளவும் கேட்டுவிட்டு தம்பி, "பழசுல ஒரு நல்லது கூட இல்லைங்களாண்ணா?" என்றார். இருக்கிறது. நன்றாகவே இருக்கிறது. அந்த ஒன்பது முள் சீரியல் துளை. பழைய எடை மேடை, பழைய ஜெனரேட்டர் கண்ட்ரோலர், டோட்டல் ஸ்டேஷன், தொழிற்சாலை பிஎல்சி, பழைய வாகன இன்டர்ஃபேஸ் பெட்டி எல்லாம் இன்றும் அந்தத் துளை வழியாகத்தான் பேசுகின்றன. யுஎஸ்பியிலிருந்து சீரியலுக்கு மாற்றும் கேபிள் கிடைக்கும். ஆனால் மலிவான கேபிளில் போலி சிப் இருந்தால் டிரைவர் ஏறாது. ஏறினாலும் சில பழைய மென்பொருள் அந்தச் சின்னத் தாமதத்தைப் பொறுக்காமல் தொடர்பைத் துண்டித்துவிடும். அந்தத் தொல்லை போர்டோடு சேர்ந்த துளையில் இல்லை. பழைய கார்டுகளைச் சொருகும் இடமும் சிஎஃப்-53-இல் உண்டு. அப்படிப்பட்ட கருவிகளையே நம்பித் தொழில் செய்கிறவருக்கு அது இன்றும் மதிப்புள்ள பெட்டி. உள்ளே சுழலும் ஹார்ட் டிஸ்க் இருந்தால் அதைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போட்டுவிட வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது பெட்டி விழுந்தால் சுழலும் தட்டுக்குத்தான் முதலில் அடி. எஸ்எஸ்டியில் அசையும் பாகமே இல்லை. போட்டதும் பெட்டியும் சுறுசுறுப்பாகும்.

ஆனால் தம்பியின் வேலைக்கு ஒரு கோடு குறுக்கே விழுகிறது. அதைப் போட்டது பானசோனிக் அல்ல, மைக்ரோசாஃப்ட். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றது. விண்டோஸ் 11 ஏற வேண்டுமானால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும், இன்டெல் என்றால் பொதுவாக 8-ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய செயலியும் வேண்டும். இந்தக் கோட்டை அளவுகோலாக வைத்தால் எல்லாம் தெளிவாகப் பிரிகிறது. சிஎஃப்-53 நான்கு முறை மெருகேறி வந்தது, இரண்டாம் தலைமுறையில் தொடங்கி நான்காம் தலைமுறையில் முடிந்தது. கோட்டுக்கு இந்தப் பக்கம். சிஎஃப்-54 ஐந்து, ஆறு, ஏழு என்று மூன்று முறை வந்தது. அதுவும் இந்தப் பக்கமே. டஃப்புக் 55 எட்டில் தொடங்கியது, பிறகு பதினொன்று, பதின்மூன்று. அது முழுக்க அந்தப் பக்கம்.

லாரி நிறுவனங்களின் கண்டறியும் மென்பொருள் ஆன்லைனில் லாகின் கேட்கும், அப்டேட் கேட்கும். இன்றைக்குப் பழைய விண்டோஸில் ஓடலாம். ஒரு நாள் காலையில் அப்டேட் வந்து, இனி இந்த விண்டோஸில் ஓடாது என்று சொன்னால், வாசலில் லாரி நிற்கும், கையில் பெட்டி சும்மா இருக்கும். குறுக்கு வழியில் விண்டோஸ் 11 ஏற்றித் தருவதாகச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அடுத்த பெரிய அப்டேட்டில் அது நிற்கும் என்று உத்தரவாதம் தர அவர்களால் முடியாது. தொழிலுக்கு வாங்கும் பெட்டியில் அந்த விளையாட்டு வேண்டாம்.

செயலியின் பெயரைப் படிக்கத் தெரிந்தால் யாரும் ஏமாற்ற முடியாது. ஐ5-க்குப் பின்னால் வரும் எண்ணைப் பார்க்க வேண்டும். 2520 என்றால் இரண்டாம் தலைமுறை. 5300 ஐந்து, 8365 எட்டு. 1145, 1345 என்று 1-இல் தொடங்கினால் முதல் இரண்டு இலக்கங்களைச் சேர்த்துப் படிக்க வேண்டும், பதினொன்று, பதின்மூன்று. பெட்டியின் மாடல் பெயரை மட்டும் நம்பக் கூடாது. டெல் நிறுவனத்தின் லாட்டிட்யூட் 5424 ரக்டு நல்ல செமி ரக்டு பெட்டி, 2018-இல் வந்தது, இரண்டு பேட்டரி சொருகலாம். ஆனால் அது 8-ஆம் தலைமுறையோடும் விற்றது, அதற்கு முந்தைய செயலியோடும் விற்றது. வெளியே இரண்டும் ஒன்று போல இருக்கும். இன்னொரு குழப்பமும் உண்டு. லாட்டிட்யூட் 5420 ரக்டு என்று 2018-இல் ஒன்று வந்தது. 2021-இல் லாட்டிட்யூட் 5420 என்று வெறும் அலுவலக லேப்டாப் ஒன்று வந்தது. எண் ஒன்றுதான், பெட்டி முற்றிலும் வேறு. 'ரக்டு' என்ற சொல் பெயரில் இருக்கிறதா என்று பார்க்காமல் போனில் பேசி முன்பணம் அனுப்பினால், கைக்கு வருவது மேசையில் வைக்கும் மெல்லிய பெட்டியாக இருக்கும்.

ஆகவே என் கருத்தை இப்படிச் சொன்னேன். இணையமே தேவையில்லாத, பழைய சீரியல் கருவிகளோடு மட்டும் பேசும் வேலை என்றால் நல்ல நிலையில் இருக்கும் சிஎஃப்-53 போதும். பேட்டரியும் எஸ்எஸ்டியும் புதிதாகப் போட்டு, இணையத்தோடு சேர்க்காமல் வைத்துக்கொள்ளலாம். தினமும் ஆன்லைன் லாகின் உள்ள வேலை என்றால் 8-ஆம் தலைமுறைக்குக் கீழே இறங்கவே கூடாது. கையில் பணம் இருந்தால் புத்தம் புதியது. இல்லையென்றால் நடுவழி ஒன்று இருக்கிறது. 2019, 2020 வாக்கில் வந்த முதல் டஃப்புக் 55, அல்லது 8-ஆம் தலைமுறைச் செயலியுள்ள லாட்டிட்யூட் 5424 ரக்டு, செகண்ட்ஸில். பழையதை விட விலை கூடும்தான். ஆனால் ரப்பரில் இன்னும் உயிர் இருக்கும், விண்டோஸும் கைவிடாது.

எதை வாங்கினாலும் பார்க்க வேண்டியவற்றைத் தீப்பெட்டி அட்டையின் உள்பக்கத்தில் அவரே எழுதிக்கொண்டார். எல்லாக் கதவையும் திறந்து ரப்பரை விரலால் அழுத்திப் பார்ப்பது. ஒவ்வொரு யுஎஸ்பி துளையிலும் பென்டிரைவ் சொருகி, ஃபைல் ஏறிக்கொண்டிருக்கும்போதே மெல்ல ஆட்டிப் பார்ப்பது. விண்டோஸிலேயே உள்ள பேட்டரி அறிக்கையை எடுத்து, புதிதாக இருந்தபோது எவ்வளவு பிடித்தது, இப்போது எவ்வளவு பிடிக்கிறது என்று ஒப்பிடுவது. பயாஸுக்குள் போய்ப் பாஸ்வேர்டு கேட்கிறதா என்று பார்ப்பது. கம்பெனிகளிடமிருந்து கழிந்து வரும் பெட்டிகளில் பழைய பூட்டு அப்படியே இருக்கும், அதைத் திறக்க வழியில்லாமல் பணம் முடங்கிப் போகும். கடைசியாக, அடிப்பக்கத்துத் திருகுகளை எண்ணுவது. ஒரு திருகு இல்லை என்றால் யாரோ திறந்து சரியாக மூடவில்லை என்று பொருள். அந்த ஒரு திருகின் துளை வழியாகவே தூசி உள்ளே வரும்.

இரண்டாவது டீ முடிந்தது. தம்பி சிஎஃப்-53-ஐக் கவிழ்த்துத் திருகுகளை எண்ணினார். இரண்டு குறைந்தன. பேட்டரியைக் கழற்றி மறுபடி மாட்டினார், கொக்கி சரியாகப் பிடிக்கவில்லை. பெட்டியைப் பையில் வைத்தார். "சாயந்தரமே திருப்பிக் குடுத்தர்றேனுங்க" என்றார்.

பத்து நாள் கழித்துப் போன் வந்தது. சேலத்தில் ஒரு கடையில் நிற்பதாகச் சொன்னார். செயலி எண்ணைப் படித்துக் காட்டினார், 8365. "வெயிலுக்குக் கொண்டாந்து பாத்துட்டனுங்க, திரை நல்லாத் தெரியுது. ரப்பரு அழுத்துனா எந்திரிக்குதுங்க" என்றார். திருகு எத்தனை என்று நான் கேட்கவில்லை. எண்ணிவிட்டுத்தான் எனக்குப் போன் போட்டிருப்பார்.